பிணவறையில் ஒரு ஸ்கேன் மெஷின்

ஸ்கேன் ரூம் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: படுத்திருப்பவர் பதில் சொல்வார். வலிக்கிறதா என்றால் ஆமாம் என்பார், திரும்புங்கள் என்றால் திரும்புவார். அந்தச் சௌகரியம் இல்லாத இடத்தில் நான் வேலை பார்த்த கதைதான் இது. ஆஸ்பத்திரியிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ எங்கோ ஓர் இடத்தில், சம்பளத்துக்காகப் பயத்தை மென்று விழுங்கிய என் இனத்தாருக்காக எழுதுகிறேன். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் பகலில் படித்துக்கொள்ளுங்கள்.

மூச்சை இழுத்துப் பிடிங்க

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன், ஸ்கேன் ரூமில் டாக்டரம்மாவுக்கு உதவியும் நான்தான். தொண்ணூறுகளில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கே டாக்டர் சற்குணம் என்று ஒருவர் இருந்தார். செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஆனால் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டாரும் உடம்பில் கத்தி வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு, எங்கள் கிறிஸ்தவ வீடு என்று வித்தியாசமே கிடையாது. அதனால் டாக்டர் எங்கோ படித்துவிட்டு ஒரு வழி கொண்டுவந்தார். உடம்பைத் திறக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அதே மாதிரி ஸ்கேன் மெஷினை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே, நீளமான ஊசியை விட்டு, ஈரலில் ஒரு துணுக்கு, நுரையீரலில் ஒரு துணுக்கு என்று சேமியா கனத்துக்குச் சதை எடுக்க வேண்டும். பிறகு அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். ஆஸ்பத்திரியில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய மெஷின் ஒன்று பிணவறைக்கு இறங்கியது. அதைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் என் சீனியர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் முதுகுவலி வந்துவிட்டது.

முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். வார்டில் ஜுரத்தோடு படுத்திருந்து இறந்துபோனவர். பிணவறை முனுசாமி அண்ணன் துணியை விலக்கினார். நான் வயிற்றில் ஜெல்லைத் தடவினேன். அந்தச் சில்லிப்பு ஜெல்லினுடையதா அவருடையதா என்று எனக்குத் தெரியவில்லை. கை தானாக வலது விலாவுக்குக் கீழே போனது. வாயும் தானாகவே திறந்துகொண்டது. "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு என் மூச்சுதான் நின்றது. முனுசாமி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரையில் ஈரல் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றது. உயிருள்ளவரிடம் அப்படி ஒரு தெளிவான படம் எனக்குக் கிடைத்ததே இல்லை. டாக்டர் சற்குணம் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்: "அவர் பிடிச்சிட்டுத்தான் இருக்கார்மா. நீ மூச்சு விடு."

அசையுதே

ஆம்பூரிலிருந்து ஒரு பாயின் மகன். முப்பது வயதுகூட இருக்காது. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்று வந்து சேர்ந்து, சில நாளில் வார்டிலேயே இறந்துபோனான். அவன் தம்பிக்கும் இருமல் ஆரம்பித்திருந்தது. அதனால்தான் அப்பா ஊசிக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் தெருவில் பாதிப்பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். தப்பான இஞ்செக்‌ஷன் போட்டுக் கொன்றுவிட்டு, இப்போது உடம்பையும் கிழிக்கப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சாயங்காலத் தொழுகைக்கு முன்னால் அடக்கம் செய்ய வேண்டும், சீக்கிரம், சீக்கிரம் என்று அந்த அப்பா சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். கூடவே நிற்பேன் என்றார். டாக்டர் சரி என்றார்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். பிறகு உதைத்தார்கள். அது தகரக் கதவு. ஒவ்வொரு உதைக்கும் அறையே அதிர்ந்தது. நான் விலா எலும்புகளின் நடுவில் மெஷினின் ப்ரோப் என்கிற கைப்பிடியை வைத்து இதயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. டாக்டர் ஊசியால் அதில் கொஞ்சம் எடுத்தார். பின்னால் அது டி.பி. என்று தெரிந்து, அந்த வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்து, தம்பிக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் யாரும் டி.பி.யைப் பற்றி நினைக்கவில்லை. பெரியவர் மகனின் நெற்றியில் கை வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என் பக்கம் குனிந்து, "அசையுதேம்மா" என்றார்.

ஆமாம், அசைந்தது. திரையில் இதயம் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு புரிந்தது. நடுங்கியது என் கை. அதை அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். "அது என் கைங்க பாய்." அவர் மகனின் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். கதவருகே போய் உருதுவில் ஏதோ சொன்னார். உதைப்பது நின்றது. திரும்பி வந்து, மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து எனக்குப் பின்னால் போட்டார். "உக்காந்து பாரும்மா. இனிமே அவனுக்கு இன்னா அவசரம்."

மேல மெஷின், கீழ மெஷின்

செய்தி வெளியே போகாமல் இருக்குமா? டீக்கடையில் ஆரம்பித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது: பொணத்தைப் பார்க்கிற மெஷினில்தான் புள்ளத்தாச்சிகளையும் பார்க்கிறார்களாம். மாடியில் இருப்பது வேறு மெஷின், கீழே இருப்பது வேறு மெஷின் என்று நாங்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நாட்றம்பள்ளியிலிருந்தும் பள்ளிகொண்டாவிலிருந்தும் வரும் பெண்கள் ஸ்கேன் ரூம் வாசல் வரை வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருத்தி உள்ளே வந்து படுத்துவிட்டு, நான் ஜெல் பாட்டிலை எடுத்ததும் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். ஆஸ்பத்திரி சூப்பிரண்டு டாக்டர் சற்குணத்தைக் கூப்பிட்டு, கீழே நடக்கிற வேலையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார்.

அப்போது எனக்கு ஆறு மாதம். என் மாமியார் வீட்டில் சாப்பாட்டைத் தனித் தட்டில் தள்ளி வைப்பார். நான் பிணவறைப் பக்கம் போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார், ஜெபம் மட்டும் சத்தமாகச் செய்வார். எனக்கும் பயம் இல்லாமலில்லை. ராத்திரி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். பிள்ளை அசையாவிட்டால் எழுந்து உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடிப்பேன், அது உதைக்கும்வரை படுக்க மாட்டேன்.

ஒரு நாள் வெளியே பெஞ்சில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வர யாருக்கும் தைரியம் இல்லை. ஸ்கேன் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, அவர்கள் பார்க்க நானே அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தேன். டாக்டரம்மா என் வயிற்றில் ஜெல் தடவினார். டம் டம் என்று துடிப்பு கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர்களுக்காகத்தான் படுத்தேன் என்று சொல்லிக்கொண்டாலும், அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்குத்தான் அதிக ஆசை இருந்தது. கடைசியில் மாதனூரிலிருந்து வந்த பீடி சுற்றும் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, என் வயிற்றை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். "நீங்க கீழயும் போறீங்க, மேலயும் படுக்கறீங்க. உங்க புள்ளைக்கு எதைக் கண்டும் பயமே இருக்காது சிஸ்டர்." (அவனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது. பல்லிக்குப் பயப்படுகிறான்.)

கேன்டீனில் பேசாத டாக்டர்

மேலே பெண்கள் திரும்ப வரத் தொடங்கியதும், கீழே நடக்கிற வேலையை நிறுத்தும் பேச்சை சூப்பிரண்டு விட்டுவிட்டார். ஆனால் செத்தவர்களின் வீட்டாரைவிட எங்கள் டாக்டர்களுக்கு அதிகப் பயம் என்று கொஞ்ச நாளில் புரிந்தது. பொது மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டர், நல்லவர், எங்கள் சர்ச்சில் கொயரில் பாடுகிறவர். அவருடைய நோயாளி ஒருவர் இறந்துபோனார். இதயத்தில் கோளாறு என்று வைத்தியம் நடந்திருந்தது. கீழே நான் ஸ்கேன் வைத்ததும் ஈரலில் தேங்காய் அளவுக்குக் கறுப்பாக ஒரு குழி தெரிந்தது. டாக்டர் சற்குணம் ஊசியை விட்டார். கோகோ நிறத்தில் சீழ் வந்தது. ஈரலில் கட்டி பழுத்து, மேலே இதயப் பக்கம் உடைத்துக்கொண்டு போயிருந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒரு ஊசியில் சீழை எடுத்திருக்கலாம். அந்த டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. டாக்டர் சற்குணம் ஊசியை வெளியே எடுக்கும் முன்பே அவர் படியேறிப் போனார்.

அதற்குப் பிறகு கேன்டீனில் எங்களைப் பார்த்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போவார். என் வேலைக்கே ஆபத்து வருமோ என்று பயந்தேன். மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் வார்டிலிருந்து எனக்கு போன். அவர்தான். குரல் இறங்கியிருந்தது. மாடி மெஷினை எடுத்துக்கொண்டு ஸ்கேன் டாக்டரம்மாவோடு வார்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். என்ன விஷயம் என்றேன். "ஜுரம் விடாம ஒருத்தர் இருக்கார் கிருபா. உயிரோட இருக்கும்போதே ஒரு தடவை பாத்துடுங்க."

ரசம் சாதம்தான் சாப்பிட்டார்

மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு கூலிக்காரரைக் கொண்டுவந்தார்கள். வயிறு வீங்கி, ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. வந்த மறுநாள் காலையில் போய்விட்டார். என்ன சாப்பிட்டார் என்று வார்டில் பலமுறை கேட்டும், அவர் மனைவி ரசம் சாதம்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கூட வந்த மச்சினன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான்.

கீழே டாக்டர் சற்குணம் என்றைக்கும் இல்லாமல் எங்கள் எல்லாருக்கும் இரண்டு ஜோடி கையுறை போடச் சொன்னார். வயிற்றுக்குள் நிறைய நீர். குடலின் சுவர் ரப்பர் குழாய் மாதிரி தடித்திருந்தது. ஊசியில் வந்த நீர் சிவப்பாக இருந்தது. அவரே அதைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. முனுசாமி அண்ணனிடம், இந்த உடம்பை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது, கழுவவும் வேண்டாம், மூடிக் கட்டுங்கள் என்றார். ஆந்த்ராக்ஸ் என்றார். ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் வருவது. தோல் பதனிடும் ஊரில் வேலை பார்க்கிற எங்களுக்கு அந்தப் பெயர் தெரியும். உடம்பைத் திறந்தால் அந்தக் கிருமி காற்றுப்பட்டு விதை மாதிரி ஆகிவிடும், மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும் என்று டாக்டர் சொன்னார். கத்தி வைக்காமல் ஊசியோடு நிறுத்தியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த அம்மாவை மரத்தடியில் உட்காரவைத்து டாக்டர் என்னைப் பேசச் சொன்னார். பெண் பேசினால் சொல்வாள் என்று நினைத்தார். ஆடு ஏதாவது செத்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். உன்னைத் திட்ட யாரும் வரவில்லை, வீட்டில் வேறு யாருக்காவது வயிறு வலிக்கிறதா, அதை மட்டும் சொல் என்றேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அவளுடைய சின்ன மகள் காலையிலிருந்து வாந்தி எடுக்கிறாளாம். தானாகச் செத்த ஆட்டைத் தின்றோம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம், ஜனங்கள் என்ன பேசுவார்கள் என்று. அழாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்ல மட்டும் இல்ல சிஸ்டர். தெரு பூரா பங்கு போட்டுக்கினோம்."

கையுறையில் ஒரு கீறல்

சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி ஜீப்பும் சுகாதார இலாகா ஜீப்பும் அந்த ஊருக்குப் போயின. உப்புக்கண்டம் போட வைத்திருந்த கறியைக்கூட வீடு வீடாக வாங்கிக் கொளுத்தினார்கள். தெரு முழுக்க மாத்திரை கொடுத்தார்கள். அந்தச் சின்னப் பெண்ணையும் இன்னும் சிலரையும் கொண்டுவந்து வார்டில் போட்டார்கள். அவள் ரொம்ப மோசமாக இருந்தாள். பிறகு கஞ்சி குடித்தாள். பிறகு வீட்டுக்குப் போனாள். ஒருவர்கூட அதற்குப் பிறகு சாகவில்லை.

ஆனால் நான் அதை எல்லாம் வேறு ஒரு பயத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கையுறையைக் கழற்றும்போது வெளிக் கையுறையிலும் உள் கையுறையிலும் ஒரே இடத்தில் கீறல் இருந்தது. கட்டைவிரல் பக்கத்தில் தோலும் லேசாகச் சிவந்திருந்தது. ப்ரோபின் விளிம்பு பட்டதா, ஊசியா என்று தெரியவில்லை. டாக்டர் அதைக் கழுவி, பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவாது, தைரியமாக வீட்டுக்குப் போ, மாத்திரை முடியும்வரை பிள்ளைக்குப் பால் மட்டும் கொடுக்காதே என்றார். என் மகன் அப்போது கைக்குழந்தை. அவர் சொன்னதை நான் நம்பினேன். ட்ரெயினில் வந்து காட்பாடியில் இறங்கி, வீட்டை நெருங்க நெருங்க, நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் டேனியல் தோல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வெளியே வந்து என்ன என்று கேட்டார். தள்ளி நின்றுகொண்டே சொன்னேன். கொஞ்ச நாள் என் அக்கா வீட்டில் தனியாக இருந்துகொள்கிறேன், துணியை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பயம்தான், முகத்தில் தெரிந்தது. பிறகு பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பச்சைத் தோல் நடுவுலயேதான் நான் நாள் பூரா நிக்கறேன். உன்ன மட்டும் வெளிய நிக்க வெச்சா எப்டி? உள்ள வா."

ஆறு மணி ட்ரெயின்

என் விரல் ஆறிவிட்டது. அதற்குள் ஊசி வேலை நல்ல பெயர் எடுத்துவிட்டிருந்தது. அதனால் ஒரு புது ஆபத்து வந்தது. தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஆள் உள்ளேயே மயங்கி விழுந்து இறந்துவிட்டார். எங்களிடம் கொண்டுவரும்போதே உயிரில்லை. இந்த மாதிரி சாவு போலீசுக்குப் போக வேண்டும், சர்க்கார் ஆஸ்பத்திரியில் முறைப்படி உடம்பைத் திறந்து பார்க்க வேண்டும். அது சட்டம். ஆனால் கூட வந்த மேஸ்திரி ஒருவர், வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு, டாக்டர் சற்குணத்தை ஓரமாக அழைத்துப் போனார். உங்களிடம்தான் கத்தி இல்லாத வழி இருக்கிறதே, ஊசி குத்திப் பார்த்து மாரடைப்பு என்று சொல்லிவிட்டால் குடும்பத்துக்கும் அலைச்சல் கம்மி என்றார். டாக்டர் அந்தக் காரியத்துக்கு இந்த ஊசி இல்லை என்று சொல்லிவிட்டு, போலீசுக்கு போன் போடச் சொன்னார். போன் போட்டது நான். அந்த மேஸ்திரி என் பக்கத்தில் நின்று, நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சிரித்த முகமாகக் கேட்டார்: "சிஸ்டர், டெய்லி ஆறு மணி ட்ரெயின்லதான போறீங்க?"

அதுவே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து நான் ட்ரெயினை விட்டுவிட்டுப் பள்ளிகொண்டா வழியாக பஸ்ஸில் போனேன். பஸ்ஸிலும் வெள்ளைச் சட்டை எது ஏறினாலும் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி வேறு பஸ்ஸுக்கு நின்றேன். சில நாள் டேனியல் வந்து அழைத்துப் போனார். இறந்தவர் விஷ வாயுவால்தான் போனார் என்று சர்க்கார் டாக்டர் எழுதினார், கிடங்கை மூடினார்கள் என்று கேள்விப்பட்டேன். அது என் பயத்தை இன்னும் கூட்டியது.

மழைக்காலத்தில் ஒரு காலை, ஸ்கேன் ரூம் கதவைத் திறந்துகொண்டு அதே மேஸ்திரி வந்தார். கத்தலாமா என்று நினைத்தபோதுதான் அவருக்குப் பின்னால் நிறைமாதமாக ஒரு பெண் வருவதைப் பார்த்தேன். அவர் மனைவி. நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லையாம். அந்த மனிதர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா ப்ரோபை வைத்ததும் துடிப்பு தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாய் திறந்து அவர் சொன்னது ஒன்றுதான்: "இன்னொரு வாட்டி காட்டுங்க சிஸ்டர்."

வேற யாராவது பாக்கட்டும்

ஸ்கூல் டீச்சர் ஒருத்தி. பெயர் வேண்டாம். முதல் பிள்ளை. ஒவ்வொரு தடவை ஸ்கேனுக்கு வரும்போதும் ஸ்டாஃப் ரூம் கதையெல்லாம் சொல்வாள். ஒன்பதாம் மாதத்தில் துடிப்பைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனவள், அடுத்த வாரம் பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை இறந்து பிறந்தது. தினமும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனதால்தான் என்று அவள் மாமியார் வராந்தாவில் எல்லாரும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் தெரிய வேண்டும் என்று அவளேதான் கேட்டாள். டாக்டர் சற்குணம் கத்தி கிடையாது, சின்ன ஊசிதான் என்று விளக்கினார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இந்த ஒன்றிலிருந்து மட்டும் என்னை விட்டுவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்பதற்காக வந்திருந்தேன். பெரியவர்கள் உடம்பு எனக்கு ஓரளவு பழகியிருந்தது. இந்தப் பிள்ளையை எனக்கு முன்னாலேயே தெரியும். கை சூப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்னால் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். உள்ளே இருக்கும்போது பார்த்தது நீங்கள்தானே, வெளியே வந்த பிறகும் நீங்களே பாருங்கள் என்றாள். அதற்கு மேல் நான் எப்படி மறுப்பேன்? கீழே போனேன். துணி விரித்து, ஜெல் பாட்டிலைக் கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கினேன். ஏன் சூடாக்கினேன் என்று முனுசாமி அண்ணன் கேட்கவில்லை. திரையில் அந்தச் சின்ன இதயம் நின்றுபோயிருந்தது. போன வாரம் அதே இதயம் ஓடிய ஓட்டம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர் வேலையை முடிக்கும்வரை நான் ஜெபம் செய்தேன், என்ன ஜெபம் என்று எனக்கே தெரியாது.

நுரையீரலில் கிருமி என்று வந்தது. பனிக்குடத்துக்குள் எப்படியோ போய்விட்டிருந்தது. பஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் மாமியாரைக் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே சொன்னார். வராந்தாப் பேச்சு நின்றது. பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்து, நன்றாக வளர்ந்து, அம்மாவின் ஸ்கூலிலேயே படித்தாள். அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே இருக்கும்போது நான் பார்த்ததில்லை. அந்தக் கர்ப்பத்தில் முதல் ஸ்கேனுக்கு வந்த அன்றைக்கு டீச்சர் கதவுவரை வந்தாள். நான் எழுந்து, சந்தோஷமாகக் கட்டில் விரிப்பைச் சரி செய்தேன். அவள் உள்ளே வராமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கையையே பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இந்தத் தடவ நீங்க வேணாம் சிஸ்டர். வேற யாராவது பாக்கட்டும். கோச்சிக்காதீங்க."

போகப்போகப் பழகிவிடும் என்று எனக்குத் தைரியம் சொன்ன அத்தனை பேரும் ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போய்விட்டார்கள், பயம் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது.